சைகோன் அம்மாவின் கிக்கு

தணிகாசலத்துக்குத் தூக்கம் வருவதில்லை என்ற செய்தி உப்பளம் பேட்டையில் அந்தச் சந்து முழுக்கத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருக்க அவர் விடவில்லை. தான் விழித்திருக்கும்போது அடுத்தவன் தூங்குவதை அவர் ஒரு சமூக அநீதியாகவே பார்த்தார். தொண்டையைக் கனைப்பார். டிரான்சிஸ்டரைத் திருகுவார். சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பார். யாராவது பரிதாபப்பட்டு ஜன்னலைத் திறந்து, "இன்னாண்ணே, தூங்கலியா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. கேட்டவனுக்கும் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர். மீசை அரும்பியபோது சேர்ந்து, 1979-இல் கழுத்தில் மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பும்வரை பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட்தான் பார்த்தார். காலையில் யூனியன் ஆபீசில் கத்திவிட்டு வந்து பகலில் தூங்குவார். அந்தத் தூக்கத்தில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. உழைத்தவன் தூங்குகிறான், ஊர் ஒதுங்கிப் போகட்டும் என்ற கர்வம். ரிட்டையர் ஆனதும் அந்தத் தூக்கம் இரண்டு பக்கமும் இல்லாமல் போயிற்று. ராத்திரி படுத்தால் உடம்பு வேலைக்குக் கிளம்பியது. பகலில் படுத்தால் மனசு வந்து எழுப்பி, "வேலைவெட்டி இல்லாதவனுக்குப் பகல் தூக்கம் வேறயா?" என்று கேட்டது.

அவருடைய மனைவி அஞ்சலாட்சி பாலில் கசகசா அரைத்துக் கொடுத்தாள். பிறகு ஜாதிக்காய். பிறகு உச்சந்தலையில் விளக்கெண்ணெய். எண்ணெய் தலையணைக்குத்தான் உபயோகப்பட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரை நன்றாகவே வேலை செய்தது, நேரம்தான் தவறிவிட்டது. யூனியனில் யாரோ ஒரு பழைய தலைவருக்கு இரங்கல் கூட்டம். எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் அனுசரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தணிகாசலம் மட்டும் நின்றபடியே தொடர்ந்து அனுசரித்துக்கொண்டிருந்தார். குறட்டை வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

சாராயத்தைச் சிபாரிசு செய்ய அந்த ஊரில் டாக்டர் தேவையில்லை. நண்பர்களே செய்தார்கள். ஆனால் குடித்தால் அவருக்குத் தூக்கத்துக்குப் பதில் பேச்சு வந்தது. நாலாவது நாள் சந்துக்காரர்கள் ஒன்றுசேர்ந்து வந்து, குடிக்க வேண்டாம், வெறுமனே விழித்திருந்தாலே போதும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்தான். தூக்கத்துக்காகக் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்தினார். மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கிக் குடித்தார். அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார்.

"மூணு பேர்கிட்டயும் மனு குடுத்துட்டேம்பா" என்று டீக்கடையில் அறிவித்தார். "ஒருத்தர்கிட்டேயிருந்தும் பதில் இல்ல. சாமிங்களுக்கு நைட் ஷிப்ட் கெடையாதுபோல."

டீக்கடை கலியபெருமாளுடையது. அவரும் பழைய மில் தொழிலாளிதான். ஒரு வேலைநிறுத்தத்தின்போது கோபித்துக்கொண்டு வந்து கடை போட்டவர். தணிகாசலத்தின் புலம்பலுக்கு நிரந்தரச் செவி அவர்தான். அடுப்பை விட்டு நகர முடியாததால் வேறு வழியும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் எதிர்வீட்டு மாடிக்கு ஒரு அம்மா குடிவந்தார். பெயர் சகாயசெல்வி. சைகோனிலிருந்து வந்தவர். சண்டை முடிந்து அங்கிருந்து திரும்பியவர்கள் அப்போது ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அதனால் யாருக்கும் அது அதிசயமில்லை. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து அங்கேயே இறந்துபோனவர். மகள் பிரான்சில் மர்செய் பட்டணத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது புடவையும் முக்காடும். மற்ற நாட்களில் வீட்டுக்குள் தொளதொளவென்று கறுப்புக் கால்சட்டை. சுருட்டு பிடிப்பார். சாயங்காலத்தில் தனக்குத்தானே சீட்டு விளையாடுவார், தன்னையே ஏமாற்றவும் செய்வார்.

இதையெல்லாம் சந்து பொறுத்துக்கொண்டது. மொட்டை மாடியில் காலைவேளையில் அவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

வெயில் ஏறுவதற்கு முன் மாடியின் நடுவில் போய் நிற்பார். கால்களை அகட்டி, முட்டியை லேசாக மடக்கி. இரண்டு கைகளும் தாமாகவே மிதந்து வருவதுபோல மேலே வரும். தோள் உயரத்தில் கொஞ்சம் யோசிக்கும். பிறகு அதே நிதானத்தில் இறங்கும். அப்புறம் இல்லாத ஒரு பூசணிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு இல்லாத ஒரு கதவைத் தள்ளுவார். கதவு திறக்காது. அவரும் அவசரப்பட மாட்டார்.

மூலை வீட்டுச் சின்னப்பாப்பா, அது செய்வினைதான் என்று அடித்துச் சொன்னாள். அவளுடைய கொழுந்தனுக்குக் கால் வீங்கியதும் அந்த வாரம்தான். துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் அந்த அம்மா கப்பலுக்குச் சைகை காட்டுகிறது என்றார் கலியபெருமாள்.

"இங்க கப்பல் வர்றது நின்னு எத்தினி வருசமாவுது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அத யாராவது அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்கப்பா. பாவம், கை வலிக்கப் போவுது."

கடைசியில் சின்னப்பாப்பாவே ஒரு நாள் நேரில் கேட்டுவிட்டாள். அதற்குப் பெயர் கீ கோங் என்றார் சகாயசெல்வி. மூச்சை ஒழுங்காக விட்டு வாங்கி உடம்பை மெல்ல அசைக்கும் பயிற்சி, சீனாக்காரர்களுடையது, உடம்புக்கு நல்லது, தூக்கம் நன்றாக வரும் என்றும் சொன்னார். சந்தின் வாய்க்குள் போன கீ கோங், ஒரே நாளில் கிக்கோங்கு ஆகி, மறுநாள் வெறும் கிக்கு ஆயிற்று. ஊரில் ஏற்கெனவே அந்தப் பெயரில் வேறொன்று புட்டியில் கிடைத்துக்கொண்டிருந்ததால் ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

தணிகாசலத்துக்கு இது லட்டுபோலக் கிடைத்தது. மேடையில் முதலாளி மாதிரி நடந்து காட்டியே கைத்தட்டல் வாங்கியவர் அவர். சாயங்காலம் டீக்கடை முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சைகோன் அம்மா கிக்கு ஏத்துது, பாருங்க."

கையை மெல்லத் தூக்கினார். கண்களைப் பாதி மூடினார். உதட்டைக் குவித்து, ஊருக்கே கேட்கிறாற்போல மூச்சு விட்டார். பூசணிக்காயைக் கட்டிப் பிடித்தபோது அதற்கு ஒரு முத்தமும் கொடுத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் டீயைச் சிந்திச் சிரித்தார்கள். அடுத்த நாளும் கேட்டார்கள். அதற்கு அடுத்த நாளும் கேட்டார்கள். கலைஞனுக்கு வேறு என்ன வேண்டும்? நாளுக்கு நாள் இன்னும் மெதுவாக, இன்னும் தத்ரூபமாகச் செய்தார். ஒரு நாள் இல்லாத கதவைத் தள்ளிக்கொண்டிருந்தவர் வாயைப் பிளந்து பெரிய கொட்டாவி ஒன்று விட்டார். அதுவும் நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவர் நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். சாய்ந்தார். தூங்கிவிட்டார்.

கலியபெருமாள் கடை மூடும் நேரத்துக்கு வந்து உலுக்கியபோது, அவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

"இன்னாய்யா, இந்தத் தூக்கம் தூங்குற? மூணு பேரு உன் மேல செய்தித்தாள் வெச்சிப் படிச்சிட்டுப் போயிட்டாங்க."

"பஜ்ஜி" என்றார் தணிகாசலம். "ஒன் பஜ்ஜியில இன்னாவோ கலந்திருக்க."

விஞ்ஞானபூர்வமாக யோசிப்பவர் என்று அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு நினைப்பு. மறுநாள் அதே நேரத்துக்கு வந்து, அதே வாழைக்காய் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, அதே பெஞ்சில் காத்திருந்தார். வயிறு மட்டும் பேசியது. அதற்கு அடுத்த நாள் பஜ்ஜியை விட்டுவிட்டுக் கையை மட்டும் தூக்கினார். கொட்டாவி வந்தது. கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திரும்பி எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். சகாயசெல்வி கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிச் சுருட்டு பிடித்துக்கொண்டு, நாடகம் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் தணிகாசலம் படியேறிப் போனார். யூனியன் நாட்களில் கலெக்டர் முன்னால்கூடக் கால்மேல் கால் போட்டவர், அன்றைக்கு வாசற்படியில் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்தார்.

"மதாம், வணக்கம்."

"வாங்க மிசியே. ஆட்டம் இன்னிக்கு என் ஊட்லியா?"

"அது வந்து... சும்மா பசங்களச் சிரிக்க வெக்க..."

"நல்லாதான் பண்றீங்க. முட்டிதான் தப்பு. வெறச்சிக்கினு நிக்கிறீங்க, கொடிக்கம்பம் மாதிரி. அப்புறம் அந்தப் பூசணிக்காய்க்கு முத்தம் குடுக்குறது எங்க பாடத்துல கெடையாது."

தணிகாசலம் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று மட்டும் சொன்னார்.

"தெரியுமே. நீங்க ராத்திரில நடக்குற சத்தம் எனக்கு மனப்பாடம். எடது செருப்பு பிஞ்சிருக்கு, தெச்சிப் போடுங்க."

சைகோனில் சோலோன் என்ற சீனர்கள் பேட்டையில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு கிழவியிடம் அவர் இதைக் கற்றுக்கொண்டிருந்தார். குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். ஊரில் ஒருவரும் தூங்கவில்லை. அந்தக் கிழவி மட்டும் தூங்கினாள். எப்படி என்று கேட்கப் போனவர் கற்றுக்கொண்டு வந்தார். "இதுல மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. மனுசன் ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் அவசரப்படாம இருந்தா, ராத்திரில ஒடம்பு அத ஞாபகம் வெச்சிக்கும். அவ்ளோதான். கத்துக்கிறீங்களா? ஒரே ஒரு கஷ்டம் இருக்கு."

"இன்னா கஷ்டம்? நான் மில்லுல மூட்டை தூக்குனவன்."

"நாக்க மேலண்ணத்துல ஒட்டி வெச்சிக்கணும். முடியிற வரைக்கும் எடுக்கக் கூடாது."

"அப்புறம் பேசுறது எப்பிடி?"

"அதான் கஷ்டம்னு சொன்னேன்."

உண்மையிலேயே கஷ்டமாகத்தான் இருந்தது. முட்டியை மடக்க அவருக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. தோளைத் தளர்த்த ஒரு வாரம் ஆயிற்று. நாக்குதான் அடங்கவில்லை. கை மேலே போகும்போதே ஏதாவது ஒரு பழைய வேலைநிறுத்தம் ஞாபகத்துக்கு வரும், வாய் திறந்துவிடும். "அறுபத்தேழுல பாருங்க மதாம்..." என்று ஆரம்பிப்பார். சகாயசெல்வி கண்ணைத் திறக்காமலே, "நாக்கு" என்பார். மறுபடி ஒட்டிக்கொள்ளும். மூச்சு வயிறுவரை போக வேண்டும் என்று சொல்லி, தொப்புளுக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் வைக்கச் சொன்னார். தணிகாசலம் அத்தனை வருஷமாக மூச்சைத் தொண்டைக்குக் கீழே அனுப்பியதே இல்லை. அது வெளியே போய் முழக்கம் போடவே சரியாக இருந்தது.

மெல்ல மெல்லப் பலன் தெரிந்தது. படுப்பதற்கு முன் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டு, கையை வயிற்றில் வைத்துப் படுத்தால் சில நாட்கள் விடியும்வரை ஒரே தூக்கம். சில நாட்கள் பழையபடி முழிப்பு. ஆனால் முழிப்பு வந்தாலும் சந்தில் நடக்கத் தோன்றவில்லை. அந்தோணியார்தான் கடைசியில் மனுவைப் பார்த்துவிட்டார் என்று சந்துக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். யாரோ தணிகாசலம் பெயரில் ஒரு மெழுகுவத்திகூட ஏற்றிவிட்டு வந்தார்கள்.

ஏனென்றால் அவர் மாடிக்குப் போகும் விஷயம் யாருக்கும் தெரியாது. ஊரே சிரிக்க நடித்துக் காட்டியதை இப்போது பக்தியோடு செய்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? ஆள் அடையாளம் தெரியாத விடிகாலை இருட்டில் பின்பக்கச் சந்து வழியாகப் போய்ப் பின்படி ஏறினார். வீட்டில் கடற்கரைக்கு நடக்கப் போவதாகச் சொன்னார். டீக்கடையில் நடிப்பதையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சந்தேகம் வருமே. காலையில் நிஜம், சாயங்காலம் கிண்டல். கிண்டலில் இப்போது முட்டி சரியாக இருந்தது.

சின்னப்பாப்பாவின் கண்ணுக்குப் பின்படி தப்புமா? குழாயடியில் குடத்தை இறக்கி வைத்தபடி அஞ்சலாட்சியின் காதில் போட்டாள்.

"யக்கா, ஒன் ஊட்டுக்காரரு கடற்கரைக்கா போறாரு? கடல் எந்தப் பக்கம் இருக்குதுன்னு அவருக்குத் தெரியும் இல்ல?"

"இன்னாடி சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. அந்தக் கால்சட்டை அம்மா ஊட்டுப் பின்படியில வெள்ளை வேட்டி ஒண்ணு ஏறுது, தெனமும். தொவைச்சது நீதானான்னு போய்ப் பாரு."

அஞ்சலாட்சி அப்படியே கிளம்பினாள். குடம் பாதி நிரம்பியபடி குழாயடியிலேயே நின்றது. முன்படி வழியாகவே ஏறினாள். அவளுக்கு ஒளிய ஒன்றும் இல்லை. கொண்டையை இறுக்கிக்கொண்டு, என்னென்ன திட்டுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டு மாடிக்கதவைத் தள்ளினாள்.

புருஷனும் அந்த அம்மாவும் மாடியின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவராக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கண்களை மூடிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டியபடி நின்றார்கள். தையற்காரனிடம் அளவு கொடுக்க வந்து, தையற்காரன் எழுந்து போய்விட்டதை அறியாமல் நிற்பவர்கள் மாதிரி.

அவள் வரிசைப்படுத்தி வைத்திருந்த எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. இருந்தாலும் ஏறி வந்த வேகம் வீணாகக் கூடாதே என்று கத்தினாள்.

"இதாய்யா ஒன் கடற்கரை? ஊரெல்லாம் சிரிக்குது. நீ இங்க வந்து காத்தக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிற?"

தணிகாசலம் பதறிக் கண்ணைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டது. இந்த முறை அதாகவே. "ம்... ம்..." என்று மட்டும் வந்தது. சகாயசெல்வி கைகளை இறக்க வேண்டிய நிதானத்தில் இறக்கி, வயிற்றில் வைத்து, ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

"வாம்மா. ஒன் ஊட்டுக்காரருக்குத் தூக்கம் வர்றதுக்குச் சொல்லிக் குடுக்குறேன். வேற ஒண்ணுமில்ல. இவர வெச்சிக்கினு வேற இன்னா பண்றது?"

அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

சகாயசெல்வி அவளை உற்றுப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்தார். "ஏம்மா, நீ நல்லாத் தூங்குறியா?" என்று கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார்.  அஞ்சலாட்சி கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானா? நான் எப்பத் தூங்குனேன்? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ராத்திரியில இந்தாளு ஊட்ல இருந்ததில்ல. ரெண்டு கொழந்தைங்கள வெச்சிக்கினு ஒண்டியா, கதவு தட்டுற சத்தம் கேக்குதா, பூனையா, திருடனான்னு ஒக்காந்திருப்பேன். காலையில வந்து இவரு படுத்தாருன்னா, ஊட்ல ஒரு டம்ளர் உருளக் கூடாது. கீரைக்காரி கத்தக் கூடாது. கொழந்தைங்க அழக் கூடாது. காக்காயக்கூட வெரட்டியிருக்கேன். அப்புறம் சாயங்காலம் சோறு கட்டி அனுப்பணும். சரி, ரிட்டையர் ஆனா தூங்கலாம்னு பாத்தேன். ரிட்டையர் ஆயி வந்து, எனக்குத் தூக்கம் வர்ல, எனக்குத் தூக்கம் வர்லன்னு என்னியே எழுப்பிச் சொல்றாரு. எனக்குத் தூக்கம்னா அது ஒரு கண்ணுலதான்."

அவள் அழவில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே அது புதிதாகக் கேட்டதுபோல இருந்தது.

தணிகாசலம் நாக்கைப் பிடுங்கி எடுத்தார். "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு கூட்டம் போட்டு நீயே பேசியிருப்ப."

சகாயசெல்வி வாய்விட்டுச் சிரித்தார். சுருட்டுப் புகைந்த தொண்டைச் சிரிப்பு, சந்துவரை கேட்டது. தணிகாசலம் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் டீக்கடைப் பக்கமும் போகவில்லை. உலகத்தில் தூக்கம் வராத ஒரே மனிதன் தான்தான் என்று அத்தனை நாளாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். பக்கத்துப் பாயில் ஒருத்தி விழித்தே கிடந்திருக்கிறாள். யூனியனில் எத்தனையோ பேருடைய குறைகளை எழுதி வாங்கிப் போராடியவருக்கு, இது கண்ணில் படவே இல்லை. அவமானமாக இருந்தது. அவமானத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. பழக்கம் இல்லை.

மறுநாள், "நீயும் வா" என்றார்.

"நான் எங்க வர்றது? அந்நேரத்துக்குத்தான கொழாயில தண்ணி வருது. நீ பிடிப்பியா?"

வேண்டுமென்றே கேட்ட கேள்விதான். அவர் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபோது அஞ்சலாட்சிக்கே நம்பிக்கை வரவில்லை.

குழாயடியில் அவர் பட்ட பாடு தனிக்கதை. முதலாளிகளை நடுங்க வைத்த தணிகாசலம், வரிசையில் பெண்களுக்கு நடுவே சிவப்புக் குடத்தோடு நின்றார். "தோழருக்கு வழி விடுங்கடி" என்று ஒருத்தி. "இன்னாண்ணே, கொழாய் வாசல்ல கொடி நட்டுட்டியா?" என்று இன்னொருத்தி. வரிசை ஒழுங்காக இல்லை என்று அவர் ஒரு விதிமுறை கொண்டுவரப் பார்த்தார். சின்னப்பாப்பா அவருடைய குடத்தைத் தூக்கிக் கடைசியில் வைத்தாள். அதற்குப் பிறகு சும்மா இருந்தார். மாடிக்குப் போகும் குட்டு அதற்குள் வெளிப்பட்டு டீக்கடைக்கும் போய்விட்டிருந்தது. கலியபெருமாள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "கிக்கு ஒரு கிளாஸ் போடவா, சாதா டீ போதுமா?" என்று மட்டும் கேட்டார், ஆறு மாதத்துக்கு, தினமும்.

அஞ்சலாட்சிக்குக் கீ கோங் லேசில் வரவில்லை. கண்ணை மூடினால் காது திறந்துகொண்டது. பால்காரன் மணி, எதிர்வீட்டில் அம்மி அரைக்கும் சத்தம், குழாயடிச் சண்டையில் புருஷன் குரல், எல்லாம் அவளைக் கூப்பிடுவதாகவே கேட்டது. கை தோள் உயரம் போவதற்குள் இறங்கிவிடும். ஒரு நாள் பாதியில், "எனக்கு இதெல்லாம் வராதுக்கா. சும்மா நிக்கிறதுன்னா என்னான்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

சகாயசெல்வி ஆறுதல் சொல்லவில்லை. கெட்டிப்பாலை அடியில் ஊற்றி மேலே கறுப்புக் காப்பியை விட்டு சைகோன் முறையில் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்.

"சைகோன்ல நானும் இப்படித்தான். கைய மேல தூக்குனா, யாரோ துப்பாக்கி காட்டி மிரட்டுன மாதிரி இருக்கும். அந்தக் கெழவிகிட்டச் சொன்னேன். அப்பக் கையத் தூக்காத, கீழயே வெச்சிக்கன்னா. நீயும் கீழயே வெச்சிக்க. மூச்ச மட்டும் விடு. மூச்சு விடத் தெரியும் இல்ல?"

"அது தெரியும்."

"அதுல ஆரம்பிக்கலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தாள். கொஞ்ச நாள் நின்று மூச்சு மட்டும் விட்டாள். பிறகு கை தானாக எழுந்தது. மழைக்காலம் முடிந்து பனி இறங்கியபோது ஒரு மத்தியானம், முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கினாள். தணிகாசலம் முறத்தை மெல்ல உருவினார். கல்லைப் பொறுக்கும் வேலையைத் தான் பார்த்து, அன்றைக்கு ராத்திரி அந்தச் சோற்றில் கடித்த கல்லுக்கெல்லாம் பேச்சு வாங்கிக்கொண்டார்.

சந்தில் இன்னும் நாலைந்து பெண்கள் மாடிக்கு வரத் தொடங்கினார்கள். கொழுந்தனுடைய கால்வீக்கம் யானைக்கால் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால், செய்வினைக் குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிக்கொண்டு சின்னப்பாப்பாவும் வந்தாள். எல்லோருக்கும் தூக்கம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒருத்திக்குப் பசிதான் அதிகமாயிற்று. ஆனால் அந்த நேரத்தில் யாரும் அவர்களை வேலை ஏவ முடியவில்லை. அதற்காகவே சிலர் வந்தார்கள்.

1982-இல் சகாயசெல்விக்குப் பிரான்சுக்குப் போக அனுமதி வந்தது. மகள் வரச்சொல்லி எழுதிக்கொண்டே இருந்தாள். "ரெண்டு தடவ ஊரு மாறியாச்சு. மூணாவது ஊர்ல இன்னா, சுருட்டுதான் வெல ஜாஸ்தியாம்" என்று சொல்லிக்கொண்டு பெட்டியைக் கட்டினார். மெட்ராசில் விமானம் ஏற்றிவிடத் தணிகாசலமும் அஞ்சலாட்சியும் கூடப் போனார்கள். காலையில் மரக்காணம் சுற்றிப் போகும் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பெண்கள் இருவரும் ஒரு சீட்டில். பின்சீட்டில் தணிகாசலம், மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு பெட்டி. அஞ்சலாட்சி ஒரு வாரமாகப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தாள். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும், இதைக் கேட்க வேண்டும், அங்கே போய் யாரோடு பேசுவீர்கள், கால் வலிக்கு என்ன செய்வீர்கள் என்றெல்லாம். பஸ் ஊரைத் தாண்டியது. ஜன்னல் வழியாகக் கடல்காற்று அடித்தது. "யக்கா..." என்று ஆரம்பித்தாள். காலாப்பட்டு வருவதற்குள் அவள் தலை சகாயசெல்வியின் தோளில் இறங்கிவிட்டது.

மரக்காணத்தில் பஸ் நின்றது. முறுக்குக்காரன் வந்து காதருகே கத்தினான். அசையவில்லை. திண்டிவனத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டி மேளத்தோடு ஏறியது. அப்போதும் இல்லை. வாய் திறந்திருந்தது; லேசாகக் குறட்டையும் கேட்டது. தணிகாசலம் எட்டி அவள் தோளைத் தட்டப் போனார்.

"எழுப்பட்டுமா மதாம்? பேசணும் பேசணும்னு சொல்லிக்கினு இருந்தா. அப்புறம் அங்க வந்து என்னியத் திட்டுவா."

"கைய எடுங்க மிசியே."

"உங்க தோளு மரத்துப் போயிருக்குமே."

"அது போயி எத்தினியோ நேரமாச்சி. நீங்க நாக்க ஒட்டிக்கினு வாங்க."

மீனம்பாக்கத்தில் கண்டக்டர் விசில் ஊதியபோதுதான் அஞ்சலாட்சி திடுக்கிட்டு விழித்தாள். தலைமுடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கன்னத்தில் சகாயசெல்வியின் புடவைக் கரை அச்சாகப் பதிந்திருந்தது. வெளியே பார்த்தாள்.

"காலாப்பட்டு வந்துடுச்சா?"

"காலாப்பட்டா? மெட்ராஸே வந்துடுச்சுடி, எறங்கு" என்றார் தணிகாசலம்.

அவள் முகம் அப்படியே வாடிப்போயிற்று. "அய்யோ, யக்கா! எவ்ளோ பேசணும்னு இருந்தேன். என்னிய ஏன் எழுப்பல?"

சகாயசெல்வி வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பார்த்தார். ஒன்றும் மடங்கவில்லை. "இந்தக் கை மர்செய் போயித்தான் முழிக்கும்போல" என்றார். "பெட்டிய நீ தூக்கு வா. விமானத்துக்கு இன்னும் நேரம் கெடக்கு, நடந்துக்கினே பேசலாம்."

இருவரும் இறங்கி முன்னால் நடந்தார்கள். தணிகாசலம் இன்னொரு பெட்டியை இறக்க முடியாமல், அத்தனை தூரம் வந்த பயணிக்கு உதவாத கண்டக்டரைப் பற்றி அங்கேயே ஒரு சிறு கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார்.